ரைன் கரைப் பழநகர்

ஜெர்மனி நாட்டின் தென்மேற்கு எல்லையில், ரைன் பேராற்றின் கிழக்குக் கரையை ஒட்டி, எரிமலைப் பாறையாலாகிய குன்று ஒன்று தனித்து நிற்கின்றது. அதன் உச்சியில் புனித ஸ்தேவான் ஆலயமும், சரிவிலும் அடிவாரத்திலும் வீடுகளுமாக விளங்குவது பிரைசாக் நகரம். ஆற்றிற்கு அப்பால் பிரான்சு நாடு. பாலத்தின் ஒரு தலையில் ஜெர்மானிய அரசு. மறு தலையில் பிரெஞ்சு அரசு.

ஆறு எல்லையானால், எல்லை என்றும் ஓரிடத்தில் நிற்கும் என்று நாம் கருதுவோம். ரைன் அவ்வாறு நிற்கவில்லை. அது பல கிளைகளாய்ப் பிரிந்து அலைந்த முற்காலத்தில், இக்குன்று ஒருபோது மேற்குக் கரையோடு சேர்ந்திருந்தது. ஒருபோது நீர் சூழ்ந்த தீவாயிற்று. பின்னரே கிழக்குக் கரைக்கு உரியதாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில், துல்லா என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி ஆற்றை நேராக்கிக் கரை கட்டிய பின்னர்தான் அதன் அலைச்சல் அடங்கிற்று.

குன்று மலையரண், ஆறு நீரரண். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த இடத்தை எவ்வரசன் விட்டுவைப்பான்? உரோமர் இங்குக் கோட்டை கட்டினர். பேரரசர் வாலண்டினியன் 369-இல் இங்கிருந்து ஆணை ஒன்று பிறப்பித்தார். பிற்காலத்தார் இந்நகரை ஜெர்மானியப் பேரரசின் திறவுகோல் என்றே வழங்கினர். அப்பெருமைக்கு நகர மாந்தர் கொடுத்த விலையோ பெரிது. முப்பதாண்டுப் போரின்போது, 1638-இல், சாக்ஸ்-வைமர் பெர்னார்டு என்னும் படைத்தலைவர் நகரை முற்றுகையிட்டார். பசியே நகரை வென்றது. கோடையில் தொடங்கிய முற்றுகை டிசம்பரில் முடிந்தபோது, உள்ளிருந்தோர் உண்ணத்தகாதவற்றையும் உண்டு மெலிந்திருந்தனர். 1648-ஆம் ஆண்டு உடன்படிக்கை நகரைப் பிரான்சிற்குத் தந்தது. 1697-ஆம் ஆண்டு உடன்படிக்கை அதனைப் பேரரசிற்கு மீட்டுத் தந்தது. இழந்த கோட்டைக்கு ஈடாக மன்னன் பதினான்காம் லூயி, வோபான் என்னும் வல்லுநரைக் கொண்டு, ஆற்றின் மேற்கே எண்கோண வடிவில் 'புதுப் பிரைசாக்' நகரை எழுப்பினான். 1703-இல் பழைய நகரும் மீண்டும் அவன் வசமாயிற்று, 1714-இல் கைமாறிற்று. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையின் பீரங்கிகள் எதிர்க்கரையிலிருந்து முழங்க, நகரம் எரிந்து வீழ்ந்தது.

இத்தனைக்கும் இடையில் இம்மக்கள் செய்துவந்த தொழில் யாது? திராட்சைக் கொடி வளர்த்தல். நகருக்கு வடகிழக்கே, 'பேரரசர் இருக்கை' எனப் பொருள்படும் கைசர்ஸ்டூல் என்னும் அவிந்த எரிமலைத் தொகுதி உள்ளது. பனியூழிக் காலத்தில் காற்று வாரிக் கொணர்ந்த மென்மையான மஞ்சள் மண் அதன்மேல் தடித்துப் படிந்திருக்கின்றது. ஜெர்மனியிலேயே வெப்பம் மிகுந்த பகுதிகளுள் இஃது ஒன்று. சரிவுகளைப் படிப்படியாக வெட்டிக் கொடி நட்டுள்ளனர். நகருக்குள்ளேயே எக்கார்ட்ஸ்பெர்க் என்னும் குன்றிலும் கொடிகள் படர்ந்துள்ளன. மது அருந்துதல் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவ்வுழவரின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். நட்ட கொடி நல்ல பயன் தர மூன்றாண்டு வேண்டும். முற்றுகையிடுவோன் அதனை வெட்டி வீழ்த்த ஒரு பகற்பொழுது போதும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-இல், நகரின் பெரும்பகுதி மீண்டும் இடிபாடாயிற்று. ஆலயமும் சேதமுற்றது. எனினும், மார்ட்டின் ஷோன்கவர் என்னும் ஓவியர் 1491-இல் இந்நகரில் இறப்பதற்குமுன் அதன் மேற்குப் பகுதிச் சுவர்களில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம், மங்கிய நிலையிலேனும் எஞ்சியது.

வீடுகள் இன்னும் முழுதும் எழாத காலத்தில், 1950 ஜூலை 9-ஆம் நாள், அந்நகரத்தார் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். ஐரோப்பிய நாடுகள் ஒன்றுபட்டு ஓர் அமைப்பாக வேண்டுமா என்பதே கேள்வி. வாக்களித்தோருள் 100-க்கு 95 பேருக்கு மேல் வேண்டும் என்றனர். அவ்வாக்கினால் சட்டம் எதுவும் பிறக்கவில்லை. சிறு நகரம் ஒன்றின் சொல் அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியும் பிரான்சும் வேறு நான்கு நாடுகளும் பாரிசில் கூடி, நிலக்கரியையும் எஃகையும் பொது ஆட்சியின்கீழ் வைக்க உடன்படிக்கை செய்துகொண்டன.