மூக்கு நீண்ட வண்டு

கோதுமையை முறத்தில் கொட்டியதும் சிறு வண்டுகள் ஓடுகின்றன. ஒன்றைப் பிடித்து உற்றுப் பாருங்கள். தலைக்கு முன்னால் மூக்குப் போல நீண்டிருக்கிறதா? அதுதான் கூன்வண்டு. வாய் அந்த மூக்கின் நுனியில் இருக்கிறது.

1763-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு அரிசியின் பெயரை வைத்தார். அரிசியை மட்டுமா தின்கிறது! சோளம், மக்காச்சோளம், கோதுமை எதையும் விடுவதில்லை.

பெண் வண்டு மூக்கால் தானியத்தில் துளை போடும். அதில் ஒரு முட்டை இடும். பிறகு பசையால் துளையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல தானியம்தான். உள்ளே காலில்லாத வெள்ளைப் புழு தின்று வளரும். அங்கேயே கூட்டுப்புழு ஆகும். வெப்பமான நாட்களில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும்.

அதனால் ஓடும் வண்டுகளைப் புடைத்து எறிந்தால் போதாது. ஒரு பிடி தானியத்தைத் தண்ணீரில் போடுங்கள். உள்ளே தின்னப்பட்டவை மிதக்கும். விதைச் சோளத்தை இப்படிப் பார்க்காமல் விதைத்தால் பல குழிகளில் முளை வராது.

பயற்றில் வரும் வண்டுக்கு இந்த மூக்கு கிடையாது. அது இலைவண்டுக் குடும்பம். மாவில் ஓடும் சிவப்பு வண்டும் வேறு இனம்.

ஈரத் தானியத்தில் கூன்வண்டு வேகமாகப் பெருகும். கடித்தால் 'கடக்' என்று உடையும்வரை வெயிலில் காய வைக்க வேண்டும். பழைய சாக்கையும் வெந்நீரில் முக்கி உலர்த்த வேண்டும். வண்டு மாத்திரையை மட்டும் குடியிருக்கும் வீட்டில் வைக்கக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் நச்சு வாயு, உறங்கும் குழந்தையையும் கொன்றுவிடும்.