ஆய்வின் மூன்று படிகள்

ஆய்வு செய்யப் புகும் மாணவர் சிலர், 'சீறாப்புராணத்தில் அரபுச் சொற்கள்' எனத் தலைப்பிட்டவுடனேயே ஆய்வு தொடங்கிவிட்டதாக எண்ணுவர். உமறுப்புலவரின் அக்காப்பியமோ மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5027 பாடல்களும் கொண்டது. ஆதலின், 'எக்காண்டத்தில் அரபுச் சொல்லாட்சி மிகுந்துள்ளது? ஏன்?' எனத் தலைப்பை வினாவாக்குதல் வேண்டும். ஆட்பெயர்களைச் சேர்ப்பதா, விடுவதா என்பன போன்ற வரையறைகளையும் முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். இதுவே ஆய்வுத்திட்டம்.

அடுத்தது உடன் பயில்வோர் மதிப்பீடு. தொகுத்த சொற்சீட்டுகளில் சிலவற்றை மற்றொரு மாணவரிடம் தந்து, அதே வரையறைப்படி தனியே வகைப்படுத்தச் சொல்லுக. 'பாங்கு' என்பது அழகு, தன்மை என்னும் பொருளில் தமிழ்ச்சொல்; தொழுகை அழைப்பைக் குறிக்குமிடத்துப் பாரசீகச் சொல். அதனை ஒருவர் அரபு என்றும், மற்றவர் தமிழ் என்றும் குறிப்பின், வரையறை தெளிவுறவில்லை என்பது புலனாகும். குறை காட்டும் நண்பரைப் பகைவராகக் கருதற்க. புறத்தேர்வாளர் காணுமுன் நம்மைக் காப்பவர் அவரே.

இறுதிப்படி தரவுப் பகுப்பாய்வு. விலாதத்துக் காண்டத்தில் 1240 பாடல்கள். ஹிஜ்றத்துக் காண்டத்தில் 2683 பாடல்கள். பின்னதில் அரபுச் சொற்கள் இருமடங்கு கிடைத்தால் அதனை மிகுதி எனல் பிழை. பாடல்களே இருமடங்கிற்கு மேல் உள்ளன. நூறு பாடல்களுக்கு எத்தனை சொற்கள் எனக் கணக்கிட்ட பின்னரே ஒப்பிடுதல் தகும்.

விடை நம் எதிர்பார்ப்புக்கு மாறாக வரினும், வந்தவாறே எழுதுக. தரவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விரும்பிய முடிவுக்காக ஒரு சீட்டை மறைப்பினும் அது மோசடியே.