பீச் மரம் ஏன் விரைவில் மக்குகிறது?

மாணவர்களே! தேயிலையை வெந்நீரில் இட்டால் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன அல்லவா? மரத்தூளை நீரிலோ எரிசாராயத்திலோ ஊற வைத்தாலும் இவ்வாறே டானின், பிசின், கொழுப்பு முதலியவை கரைந்து வெளிவரும். இவை 'சாற்றுப் பொருள்கள்' எனப்படும். தேக்கைக் கரையான் எளிதில் அரிக்காததற்கு இவையே முக்கிய காரணம்.

ஐரோப்பாவில் வளரும் பீச் மரத்தில் பூஞ்சைக்கு நஞ்சாகும் சாற்றுப் பொருள்கள் மிகக் குறைவு. ஆகவே ஈர மண்ணில் கிடந்தால் அது சில ஆண்டுகளிலேயே மக்கிவிடும். இதைத் தடுக்க, இரயில் பாதையில் இடும் பீச் கட்டைகளுக்குள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட் எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினர். மரத்திடம் இல்லாத காப்பை மனிதன் அளித்தான்!

ஆனால் இக்குறையிலும் நன்மை உண்டு. உணவில் மணமோ சுவையோ ஏற்றாததால், பீச் மரம் அகப்பைகள் செய்ய ஏற்றது.