கடையில் கஞ்சா பிடிபட்டால் வழக்கு எப்படி முடியும்?
வணிகர்களுக்கான சட்டப் பாடம்



ரயிலும் பஸ்ஸும் நிற்கிற நம் பெண்ணாடம் போன்ற ஊரில், தெரிந்தவர் ஒருவர் "அண்ணாச்சி, இந்தப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்குங்க" என்று கடையில் வைத்துவிட்டுப் போவது சாதாரணம். நாமும் மூட்டைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு வியாபாரத்தைக் கவனிப்போம். அந்தப் பைக்குள் கஞ்சா இருந்தால் நம் கதி என்ன? "அபராதம் கட்டினால் முடிந்தது" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது எவ்வளவு தவறு என்பதே இந்தப் பாடம்.

எடையே தலையெழுத்து

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தராசுதான். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைந்தால் அது "சிறு அளவு". ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டால் "வணிக அளவு". குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அபராதமோ 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஹெராயின் என்றால் சிறு அளவுக்கான வரம்பு 5 கிராம், வணிக அளவுக்கான வரம்பு 250 கிராம். போதைப்பொருளோடு வேறு தூள் கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எந்த நீதிமன்றம்?

3 ஆண்டுக்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றங்கள் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். சிறு அளவு வழக்கைச் சுருக்கமுறையிலேயே விசாரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். அரசு வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். அவர் எதிர்த்தால், இவர் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன்.

வழக்கு நிற்பதும் விழுவதும்

ரகசியத் தகவலின் பேரில் கடையைச் சோதிக்க வந்தால், அந்தத் தகவலை அதிகாரி எழுத்தில் பதிந்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நம் உடம்பைச் சோதிப்பதாக இருந்தால், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. கடையையோ பையையோ சோதிக்கும்போது இந்த உரிமை பொருந்தாது. மாதிரி எடுப்பது நடுவர் முன்னிலையில் நடக்க வேண்டும். இவற்றில் தவறு நடந்த வழக்குகள் விடுதலையில் முடிந்ததுண்டு.

தமிழ்நாட்டிலிருந்து போன தூபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. இச்சட்டத்தின் கீழ் விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது.

ஆனால் இதை நம்பி நாம் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. பொருள் நம் வசம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அது நமக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்பதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். கடையின் பின்கட்டையோ கிடங்கையோ தெரிந்தே பயன்படுத்த விட்டவருக்கும், பிடிபட்டவருக்கு உரிய தண்டனையே 25-வது பிரிவில் காத்திருக்கிறது.

"ஒப்புக்கொள்" என்றால்

சிறு அளவு வழக்கில் "குற்றத்தை ஒப்புக்கொள், சின்ன அபராதத்தோடு போய்விடலாம்" என்று சொல்பவர் வருவார். அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒப்புக்கொண்டு கட்டும் 500 ரூபாயும் ஒரு தண்டனைத் தீர்ப்பே. 18 வயது நிரம்பியவரை நன்னடத்தையின் பேரில் விடுவதற்கு, வைத்திருந்த குற்றத்தில் 33-வது பிரிவு இடம் தருவதில்லை. மறுபடி ஒரு வழக்கு வந்து தண்டனை கிடைத்தால், முன் தண்டனையைக் காட்டி அதிகபட்சத் தண்டனையை ஒன்றரை மடங்கு வரை உயர்த்தவும் முடியும். ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கும், காவலில் இருப்பவருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் இலவச உதவி உண்டு.

குட்கா வேறு, கசகசா வேறு

குட்கா வழக்கு இந்தச் சட்டத்தில் வராது. அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 2013 முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடை ஆணையை ரத்து செய்ததும் சிலர் சரக்கை வெளியே எடுத்தனர். ஆனால் ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. புகையிலையையோ போதைப்பொருளையோ 18 வயதுக்குட்பட்டவர் கையில் கொடுத்தால், சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவல் என்பதையும் மறக்க வேண்டாம். சிகரெட் வாங்கி வரச் சொன்னதாகப் பிள்ளை சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

நாம் விற்கும் கசகசா, அபினிச் செடியின் விதைதான். விதையைச் சட்டம் விலக்கியிருப்பதால் அதை விற்பது குற்றமில்லை. அதே செடியின் காய்த்தோடு குற்றப் பொருள். எனவே கசகசாவைச் சலித்துத் தூசு நீக்கிய சரக்காக, பில்லோடு வாங்குங்கள். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் கேட்டால், அங்கே கசகசாவே சிக்கலாகும் என்று எச்சரித்துக் கொடுப்பது நம் கடமை.

நாம் செய்ய வேண்டியவை

1. யாருடைய பையையும் பார்சலையும் கடையில் வைக்க இடம் தராதீர்கள், உறவினரானாலும் அப்படியே.
2. கிடங்கை வாடகைக்கு விட்டால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடுங்கள். மாதம் ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.
3. வரும் சரக்கை மூட்டை எண்ணிக்கையோடு அன்றே பேரேட்டில் ஏற்றுங்கள். எது நம்முடையது, எது நம்முடையதல்ல என்பதற்கு நீதிமன்றத்தில் அதுவே சாட்சி.
4. கல்லாவுக்குப் பக்கத்து அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.
5. சந்தேகப் பொருளைக் கண்டால் ஒளிக்கவோ வீசவோ வேண்டாம். சங்க நிர்வாகி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.
6. சோதனை நடந்தால் மகஜரை முழுதும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.

தராசும் கணக்கும் நேராக இருந்தால் வியாபாரம் நிற்கும் என்பது நமக்குப் பழகிய பாடம். நீதிமன்றத்திலும் அதே கணக்குதான் நம்மைக் காப்பாற்றும். கடைப் பையன்களையும் உட்கார வைத்து இதை ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.