செல்லும், செல்லாது

குறியீட்டுத் தருக்கம் படிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு, அதைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சில குறிப்புகள்:

1. முதலில் வாதத்தின் முடிவைத் தேடுங்கள். அது கடைசி வரியில்தான் இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. “அவனுக்குக் கடன் கொடுக்காதே; அவன் அண்ணனே வாங்கினதைத் திருப்பித் தரவில்லை” என்பதில் முடிவு முன்னால் நிற்கிறது. அண்ணனைப் போலத்தான் தம்பியும் என்ற இன்னொரு கூற்று சொல்லாமலே உள்ளே ஒளிந்திருக்கிறது. அதையும் வெளியே இழுத்துப்போட்டு எழுதுங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான்.

2. உண்மை வேறு, செல்லுபடி வேறு. “மீன்களெல்லாம் நீரில் வாழ்கின்றன, திமிங்கலமும் நீரில் வாழ்கிறது, ஆகவே திமிங்கலம் மீன்.” முதல் இரண்டும் சரி, முடிவு தவறு. வாதம் செல்லாது. “பறவைகளெல்லாம் பறக்கும், நெருப்புக்கோழி பறவை, ஆகவே நெருப்புக்கோழி பறக்கும்” என்பதோ செல்லும்! அதன் முதல் எடுகூற்று, அதாவது முடிவுக்கு ஆதாரமாக வைத்த முதல் கூற்று, பொய் என்பது தனி வழக்கு. எடுகூற்றுகள் எல்லாம் மெய்யாக இருக்க, முடிவு மட்டும் பொய்யாவதற்கு வழியே இல்லையென்றால் வாதம் செல்லும்.

3. குறியீட்டைக் கண்டு மிரளாதீர்கள். 1854-இல் ஜார்ஜ் பூல் தருக்கத்தை இயற்கணிதம்போல் எழுதிக் காட்டினார். 1879-இல் ஃப்ரேகெ ‘எல்லாம்’, ‘சில’ என்பவற்றையும் குறியீட்டில் எழுத வழி கொடுத்தார். லாபம் என்ன? ‘திமிங்கலம்’ என்று எழுதினால் உங்களுக்குத் தெரிந்த விலங்கியல் குறுக்கே வரும். ‘ப’ என்று எழுதினால் வராது.

4. ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்ற கூற்றில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் தந்த புதிரைத் தமிழ் எழுத்தில் சொல்கிறேன். மேசையில் நான்கு அட்டைகள்: அ, க், 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும்? மேலே படிக்காமல் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

‘அ’வும் 4-உம் என்பார்கள் பலர். 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. மெய்யெழுத்துக்குப் பின்னால் இரட்டைப்படை எண் வரக் கூடாது என்று யார் சொன்னது? 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடையும். ஆகவே ‘அ’வும் 7-உம். “டெங்கு என்றால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்திருக்கிறது, ஆகவே டெங்கு” என்று பக்கத்து வீட்டில் தீர்ப்புச் சொல்கிறவரும் 4-ஐத்தான் புரட்டுகிறார்.

5. கூற்றுகள் மெய்யாகவும் பொய்யாகவும் அமையும் எல்லா வகைகளையும் வரிசையாக எழுதும் மெய் அட்டவணையைக் கையால் போடுங்கள். இரண்டு கூற்றுக்கு நான்கு வரிசை, மூன்றுக்கு எட்டு, ஐந்துக்கு முப்பத்திரண்டு; அதற்குள் பொறுமை போய்விடும், போகட்டும். ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்பதில் முன்பாதி பொய்யானால் முழுக் கூற்றும் மெய் என்ற வரிசை எல்லோரையும் உறுத்தும். “நீ பாஸானால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்” என்கிறார் அப்பா. பிள்ளை ஃபெயில். மனம் இளகி அப்பா சைக்கிள் வாங்கித் தருகிறார். சொன்ன சொல்லை மீறினாரா? இல்லையே.

6. தருக்கத்தில் ‘அல்லது’ என்றால் இரண்டும் சேர்ந்து நடந்தாலும் சரிதான்.

7. மணிமேகலையின் 29-ஆம் காதையைத் தாண்டிப் போகாதீர்கள். கதைக்காகப் படிக்கிறவர்கள் தாண்டிவிடுவார்கள். பௌத்தத் துறவி அறவண அடிகள் அங்கே வாதத்தைப் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் போலி எப்படிப் புகும் என்று அடுக்குகிறார். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல என்ற உதாரணமும் உண்டு. இது குறியீட்டுத் தருக்கம் அல்ல. பெருமை பேசுகிறவர்கள் அதுதான் இது என்றால் நம்ப வேண்டாம். ஆனால் காரணம் முடிவோடு ஒட்டுகிறதா என்று பார்க்க நல்ல பயிற்சி.

8. வாதம் விழுந்ததும் முடிவையும் சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள். எதிராளியின் வாதமானால் நமக்கு அந்த அவசரம் அதிகம். அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட எந்த நிலப்படத்துக்கும் நான்கு நிறம் போதும் என்று 1879-இல் கெம்பே என்ற கணிதர் ஒரு நிறுவல் தந்தார். பதினொரு ஆண்டுகள் அது ஏற்கப்பட்டிருந்தது. 1890-இல் ஹீவுட் அதில் பிழையைக் காட்டினார். கையோடு ஐந்து நிறம் போதும் என்பதை நிறுவியும் கொடுத்தார். நான்கு பொய் என்று அவர் சொல்லவில்லை. 1976-இல் ஆப்பெலும் ஹாக்கெனும் கணினியின் துணையோடு, நான்கே போதும் என்று நிறுவினார்கள்.