காசோலையோடு முடிவதில்லை

ஆய்வில் மோசடி என்று செய்தி வந்தால் விஞ்ஞானிக்குத் திட்டு விழும், அவருடைய பல்கலைக்கழகத்துக்கும் விழும். பணம் கொடுத்தவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம்பிக்கை: மானியத்தைக் கொடுத்ததோடு நிதி நிறுவனத்தின் வேலை முடிந்தது.

உண்மை: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் இதை நம்பாது. அங்கே எலிகளின் நுரையீரல் திறனை அளந்துவந்த ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர், பல்கலைக்கழகப் பணத்தில் சொந்தச் சாமான்கள் வாங்கி 2013இல் மாட்டிக்கொண்டார். செலவுக் கணக்கைத் துருவப்போக, ஆய்வின் வண்டவாளமும் வெளியே வந்தது. கருவி பதிவுசெய்த எண்கள் ஒன்று, கட்டுரையில் ஏறிய எண்கள் வேறு. தேசியச் சுகாதார நிறுவனம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆகியவை கொடுத்த 30 மானியங்கள் கேள்விக்குள்ளாயின. பொய் சொல்லி அரசுப் பணம் வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்தது. (உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தை ஏமாற்றிய ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க 1863இல் போட்ட சட்டம், ஆராய்ச்சியாளர்களுக்கும் பொருந்திப்போனது!) 2019இல் 11.25 கோடி டாலர் கட்ட டியூக் ஒப்புக்கொண்டது. துப்புக் கொடுத்து வழக்குப் போட்ட வேறொரு முன்னாள் ஊழியருக்கு அதில் 3.375 கோடி டாலர் போனது.

நம்பிக்கை: பொய்க் கட்டுரை எழுதினால் நிதி நிறுவனமே விசாரித்துச் சிறைக்கு அனுப்பிவிடும்.

உண்மை: பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் முதல் விசாரணையை நடத்துவது அந்தந்தப் பல்கலைக்கழகம்தான். தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரிக்கும் ஏற்பாடு! சில ஆண்டுகள் மானியத் தடை என்பதே வழக்கமான தண்டனை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் போல்மேன் 2006இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அவர் மீது நின்ற குற்றம், மானிய விண்ணப்பத்தில் பொய் சொன்னது.

நம்பிக்கை: நேர்மையை நிபந்தனை போட்டு வரவழைக்க முடியாது.

உண்மை: அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் நிதி கொடுத்த 55 பெரிய மருத்துவச் சோதனைகளை 2015இல் வெளியான ஆய்வு ஒன்று அலசியது. 2000க்கு முன் வெளியான 30இல் 17 சோதனைகள், மருந்து பலன் தந்ததாகச் சொல்லின. அதன்பின் வந்த 25இல் அப்படிச் சொன்னவை இரண்டே இரண்டு. எதை அளக்கப்போகிறோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் முறை 2000 வாக்கில்தான் வந்தது. முடிவுகள் கைக்கு வந்தபின் சாதகமான அளவையை மட்டும் பொறுக்கி முன்னே நிறுத்தும் வசதி அத்தோடு குறைந்தது. இந்தச் சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். அதேபோல், முந்தைய 17 சோதனைகளை நடத்தியவர்களை மோசடிக்காரர்கள் என்பதும் அபாண்டம். விதி தளர்வாக இருந்தது, அவ்வளவே.

நம்பிக்கை: செய்த ஆய்வையே திரும்பச் செய்ய யாரும் காசு தரமாட்டார்கள்.

உண்மை: நெதர்லாந்தின் அறிவியல் நிதி அமைப்பு 2016இல் அதற்கென்றே 30 லட்சம் யூரோ ஒதுக்கியது.