அசையாமல் நிற்கும் ஸ்வரம்

கேள்வி: எம்.எஸ். சுப்புலட்சுமியின் பழைய பாடல்களைக் கேட்டால் மனம் உருகுகிறது. ஆனால் சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்லும் 'குரல் நுட்பம்' எனக்குப் பிடிபடவில்லை. எதைக் கவனித்துக் கேட்பது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: 1945இல் வந்த 'மீரா' படத்தின் 'காற்றினிலே வரும் கீதம்' பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சொற்களை விட்டுவிட்டு, நீண்டு ஒலிக்கும் இடங்களை மட்டும் கேளுங்கள். மேல் ஸ்தாயிக்குப் போனதும் பலருக்குத் தொண்டை இறுகி, அகாரம் ('ஆ' என்று நீட்டும் ஒலி) மெலிந்து மூக்கில் ஏறிவிடும். எம்.எஸ்ஸுக்குக் கீழே இருந்த கனம் மேலேயும் இருக்கும். வாய் திறந்த அந்த அகாரம் சாதகத்தால் மட்டுமே வருவது. மதுரையில் தாயார் சண்முகவடிவின் வீணையைக் கேட்டு வளர்ந்த காது வேறு! ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும்போது, போய்ச் சேரும் இடம் மயிரிழையும் பிசகாது.

ஐரோப்பிய ஆபராவில் பாடும் சொப்ரானோ பாடகிகளின் குரலில் நொடிக்கு ஐந்தாறு முறை ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே அது அழகு. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் கமகம் அப்படியல்ல; எங்கே அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை ராகம் தீர்மானிக்கிறது. எம்.எஸ்ஸின் பெருமை, என்னைக் கேட்டால், ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நீண்டு நிற்கும் கார்வையில்தான்.

இந்தத் துல்லியம் எந்தச் சூழலில் வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். பிசகினால் வெட்டி ஒட்ட வழியில்லை; முதலிலிருந்து பாட வேண்டும்.

அடுத்து, 1963இல் வெளியான வேங்கடேச சுப்ரபாதத்தைக் கேளுங்கள். குரல் கனிந்திருக்கும். மூச்சு எடுக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். இயர்போனில் கேட்டால் எளிதில் பிடிபடும்.